'அங்கே அதுதான் வழக்கம்': யாருடைய வாக்குமூலம்?

நேர்மையாகக் கடை நடத்திய ஒரு பெரியவரின் நினைவாக அமைந்த மேடை இது. அவருடைய வாழ்க்கையை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நேரே பொருளுக்கு வருகிறேன்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது இங்கிருக்கும் நண்பர்கள் பலருக்குப் பாதி தெரியும். பாடத்திட்டக் குழுக்களிலும் கருத்தரங்குகளிலும் இதே விஷயத்தில் அவர்களோடு நான் மோதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நேரம் முடிந்துவிட்டதென்று மணி அடித்துவிடுவார்கள். இன்று முழு நேரமும் என் கையில் இருப்பதால் வழக்கை முழுதாக வைக்கிறேன்.

அவர்கள் கட்சி இது: உலகமயமான பொருளாதாரத்தில் வணிகம் பல பண்பாடுகளினூடே நடக்கிறது. ஓரிடத்தில் லஞ்சம் எனப்படுவது இன்னோரிடத்தில் மரியாதை. எனவே அந்தந்த மண்ணின் வழக்கப்படி நடப்பதே அறிவுடைமை. லஞ்சம் எங்கும் லஞ்சமே என்று சொல்பவர் மேலைநாட்டு ஒழுக்கத்தைப் பிறர் தலையில் கட்டுகிறார். இதற்குத் துணையாக கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980-ல் வெளியிட்ட நூலின் அட்டவணைகள் வந்துவிடும். ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் வினாத்தாள் கொடுத்து, அதிகாரத்துக்கு எந்த நாட்டார் எவ்வளவு பணிவார்கள், தனிமனிதர் பெரிதா கூட்டம் பெரிதா என்றெல்லாம் எண்ணால் அளந்த நூல் அது. நம் மாணவர்கள் வணிக அறம் படிக்கத் தொடங்கும் முதல் வாரத்திலேயே இந்த எண்களை மனப்பாடம் செய்கிறார்கள்.

என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்பாட்டுக்குப் பண்பாடு வணிகம் வேறுபடுவது உண்மை. பேரம் பேசும் முறை, காலக்கெடுவை மதிக்கும் விதம், மூத்தோருக்கு முதலிடம் தருவது, எழுத்து ஒப்பந்தத்துக்கும் வாய்ச்சொல்லுக்கும் உள்ள எடை ஆகியவை வேறுபடத்தான் செய்யும். லஞ்சம் இந்தப் பட்டியலில் சேராது. 'அங்கே அதுதான் வழக்கம்' என்று சொன்னவர் யார் என்று ஒவ்வொரு வழக்கிலும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கொடுத்தவரே அதைச் சொல்லியிருப்பார். எந்த மக்களின் வழக்கமென்று சொல்லப்பட்டதோ, அந்த மக்கள் அதைச் சொன்னதாகக் காண்பது அரிது.

லாக்ஹீட் வழக்கு

என் கருத்துக்கு ஆதாரமாக நான் எப்போதும் எடுத்துவைப்பது லாக்ஹீட் வழக்கு. இதை விரிவாகவே சொல்கிறேன்.

லாக்ஹீட் அமெரிக்க விமானக் கம்பெனி. 1970-களின் தொடக்கத்தில் அது திவாலாகும் நிலைக்கு வந்தது. 1971-ல் அமெரிக்க அரசு 25 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றுதான் அதைத் தூக்கி நிறுத்தியது. தன் டிரைஸ்டார் பயணிகள் விமானத்தை விற்றே ஆகவேண்டிய நெருக்கடியில் இருந்த அக்கம்பெனிக்கு ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் ஆர்டர் கிடைக்காவிட்டால் மீட்சி இல்லை. கம்பெனியின் தலைவர் கார்ல் கோச்சியன் 1972-ல் டோக்கியோவுக்குப் போய் ஓட்டல் அறையிலேயே வாரக்கணக்கில் தங்கினார். லாக்ஹீடின் ஜப்பானிய முகவரான மாருபெனி என்ற வணிக நிறுவனத்தின் வழியாகப் பிரதமர் ககுவேய் தனாகாவுக்கு 50 கோடி யென் என்று முடிவாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் டிரைஸ்டாரையே தேர்ந்தெடுத்தது.

பணம் கைமாறிய விதத்தை டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து சொல்கிறேன். 1973 ஆகஸ்டு முதல் 1974 மார்ச் வரை நான்கு தவணைகளாக, அட்டைப்பெட்டிகளில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. ஒருமுறை பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் பின்னாலுள்ள சாலையில், இன்னொருமுறை ஒகுரா ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு காரிலிருந்து மற்றொரு காருக்குப் பெட்டி மாறியது. ரசீதும் எழுதப்பட்டது. 'நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்' என்பது அதன் வாசகம். அந்த நூறு வேர்க்கடலை உண்மையில் 10 கோடி யென்.

இந்த இடத்தில்தான் என் நண்பர்களை நிறுத்திக் கேட்கிறேன். இது ஜப்பானியப் பண்பாடு என்றால் வேர்க்கடலை எதற்கு? கார் நிறுத்துமிடம் எதற்கு? ஜப்பானியரிடம் பரிசு தரும் பண்பாடு உண்மையிலேயே உண்டு, அதுவும் மிக நுட்பமானது. கோடையில் ஓசூகென், ஆண்டிறுதியில் ஓசெய்போ என்று இரண்டு பருவங்களில் மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் ஆசிரியருக்கும் பரிசு அனுப்புவார்கள். அதற்கென்றே பல்பொருள் அங்காடிகளில் தனிக்கூடம் திறப்பார்கள். பெட்டியின்மேல் கொடுத்தவர் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். பரிசின் அளவுக்கு வரம்பும், சில வேளைகளில் பதில் மரியாதையும் உண்டு. நம் ஊர் மொய்யை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்தல் வாசலில் மேசை போட்டு, பேரேட்டில் பெயரும் தொகையும் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவித்து வாங்குகிறோம். பிறகு அதே நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். பெயர் சொல்லிக் கொடுக்கக்கூடியதே வழக்கம். பெயரை மறைத்தால்தான் கொடுக்க முடியும் என்றால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது வழக்கமில்லை என்று தெரிந்திருக்கிறது.

கதை மேலும் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஃபிராங்க் சர்ச்சின் துணைக்குழு முன்பு கோச்சியன் சாட்சியம் சொன்னார். பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுப்பது அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் குற்றமில்லை என்பதும், அங்கே விற்க வேண்டுமானால் அதுதான் வழி என்பதும் அவருடைய வாதம். என் நண்பர்களின் கட்சியும் இதுவேதான். ஜப்பானிய மக்களின் சார்பில் பேசும் உரிமையை இவருக்கு யார் கொடுத்தது?

ஜப்பானியர் தாமே பேசினார்கள். அன்றைய பிரதமர் டக்கேயோ மிக்கி, தனாகாவின் கட்சிக்காரராயிருந்தும், ஆவணங்களைத் தரும்படி அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். லாக்ஹீடின் ரகசிய முகவராயிருந்த வலதுசாரித் தலைவர் யோஷியோ கொடாமாவின் வீட்டின்மீது, ஒரு நடிகர் சிறு விமானத்தை மோதித் தன் உயிரையே விட்டார். ஜூலை 27 அன்று தனாகா கைது செய்யப்பட்டார். 1983 அக்டோபரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறையும் 50 கோடி யென் அபராதமும் விதித்தது. நாட்டை ஆண்ட ஒருவரைத் தன் சொந்தச் சட்டத்தின்கீழ், தன் சொந்த நீதிபதிகளைக்கொண்டு ஜப்பான் தண்டித்தது. கோச்சியனின் வாக்குமூலத்தைப் பெறுவதற்காக, அவர்மீது வழக்குத் தொடர்வதில்லை என்று ஜப்பானிய வழக்குத்தொடுநர்கள் உறுதி தர வேண்டியிருந்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப் பெற்ற வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று ஒதுக்கிவிட்டு, மற்றச் சான்றுகளே போதும் என்று எஞ்சியிருந்தவர்களின் தண்டனையை உறுதிசெய்தது. தண்டிப்பதிலும் இத்தனை நிதானம் காட்டிய நாட்டைத்தான் 'அங்கே அப்படித்தான்' என்ற ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறோம்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. தண்டனை பெற்று இரண்டே மாதத்தில், 1983 டிசம்பரில், பொதுத்தேர்தல் வந்தது. தனாகா மேல்முறையீடு செய்திருந்ததால் போட்டியிட்டார். நீகாத்தா மாவட்டத்தில் 2,20,000 வாக்குகளுக்குமேல் வாங்கி வென்றார். 1993-ல் இறக்கும்வரை அந்தத் தண்டனையை அவர் சிறையில் கழிக்கவும் இல்லை. "பார்த்தீர்களா, மக்கள் அதைக் குற்றமாகக் கருதவில்லை" என்கிறார்கள். நீகாத்தா கடும் பனி கொட்டும் பிரதேசம். தனாகா அங்கே சாலைகளும் சுரங்கப்பாதைகளும் கொண்டுவந்தார். டோக்கியோ திசையில் செல்லும் அதிவேக ரயில் பாதை 1982-ல் திறந்தது. அந்த மக்கள் சாலைக்கும் ரயிலுக்கும் நன்றி செலுத்தினார்கள். லஞ்சம் வாங்கலாமா என்ற கேள்வி அந்த வாக்குச்சீட்டில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை வேறு காரணங்களுக்காக வெல்ல வைப்பது நமக்கும் புதிதல்ல. அதைக்கொண்டு லஞ்சம் தமிழர் பண்பாடு என்று யாராவது எழுதினால் இந்த அவை பொறுத்துக்கொள்ளுமா? நமக்குப் பொருந்தாத முடிவை ஜப்பானியருக்குப் பொருத்துவது எப்படி நியாயம்?

இன்னொன்று. லாக்ஹீட் கொடுத்தது ஜப்பானில் மட்டுமல்ல. இத்தாலியில் கொடுத்தது, அங்கே ஒரு முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் தண்டிக்கப்பட்டார். நெதர்லாந்தில் அரசியின் கணவர் இளவரசர் பெர்ன்ஹார்டு பெயரில் 11 லட்சம் டாலர் போனதென்ற குற்றச்சாட்டு எழுந்து, 1976-ல் அவர் தம் பொதுப் பதவிகளையெல்லாம் துறந்தார். நெதர்லாந்து ஹாஃப்ஸ்டெட் பிறந்த நாடு; அவருடைய அட்டவணையில் அதிகாரத்துக்குக் குறைவாகப் பணியும் நாடுகளில் ஒன்று. ஜப்பானும் இத்தாலியும் நெதர்லாந்தும் பண்பாட்டில் ஒன்றையொன்று ஒத்தவையல்ல. இம்மூன்றுக்கும் பொதுவாக இருந்தது கொடுத்த கம்பெனி ஒன்றுதான்.

சட்டமும் பண்பாடும்

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரித்தபோது, 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் 30 கோடி டாலருக்குமேல் இப்படிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டன. 1977 டிசம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. மற்றத் தொழில்வள நாடுகள் அதைப் பின்பற்றவில்லை. ஜெர்மனியில் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தை வணிகச் செலவாகக் காட்டி வரிவிலக்கு பெறும் வசதி 1990-களின் இறுதிவரை இருந்தது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உடன்படிக்கை 1997-ல் கையெழுத்தாகி, 1999-ல் நடைமுறைக்கு வந்த பிறகே இக்கதவு மூடியது.

கதவு மூடிய பின்னும் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் நிறுத்தவில்லை. அங்கே லஞ்சப் பணம் எடுப்பதற்கென்றே ரொக்கக் கவுண்டர்கள் இருந்தன. ஊழியர்கள் பெட்டியோடு போய்ப் பத்து லட்சம் யூரோவரை எடுத்துவருவார்கள். அனுமதிக் கையெழுத்தை, பின்னால் உரித்துவிடக்கூடிய ஒட்டுத்தாளில் போடுவார்கள். 2006 நவம்பரில் மியூனிக்கில் போலீஸ் சோதனை நடந்தது. 2008-ல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாகச் சீமென்ஸ் கட்டிய தொகை ஏறத்தாழ 160 கோடி டாலர். ஒழுங்குக்கும் கறாருக்கும் பெயர்போனது என்று நம் பாடநூல்கள் புகழும் பண்பாட்டில்தான் இது நடந்தது. ஜெர்மானியரின் பண்பாடு 1999-க்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். சட்டமும் சோதனையும்தான் மாறின.

சட்டமே மேலைநாட்டு இறக்குமதிதானே என்பார்க்கு ஒரு வரி. அரசுப் பணத்தை அதிகாரிகள் கையாடும் வழிகள் நாற்பது என்று அர்த்தசாஸ்திரம் எண்ணிச் சொல்கிறது. ஊழல்மீதான அந்த வெறுப்பை எந்தக் கப்பலிலும் ஏற்றி நமக்கு அனுப்பவில்லை.

தாமஸ் டொனால்ட்சன், தாமஸ் டன்ஃபீ ஆகியோரின் நடுவழிக் கொள்கையையும் நான் படித்திருக்கிறேன். எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவான சில அடிப்படை நெறிகள், அவற்றுக்கு உட்பட்ட அளவில் அந்தந்த ஊர் வழக்கத்துக்கு இடம் என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மறுப்பில்லை. ஆனால் எது அந்த ஊர் வழக்கம் என்று முடிவுசெய்வது யார் என்பதை அவர்கள் இன்னும் கண்டிப்பாகக் கேட்டிருக்க வேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை

நேரம் குறைந்துவிட்டது. சிலவற்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

சிறு தொகைகள் தனியே ஆராயப்பட வேண்டும். துறைமுகத்தில் சரக்கை விரைந்து விடுவிக்கக் கொடுக்கும் தொகையை அமெரிக்கச் சட்டம் விலக்கி வைக்கிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே சிக்கும் தூத்துக்குடி, சென்னை ஏற்றுமதியாளர் என்ன செய்கிறார் என்பதைக் கேட்டு எழுத ஆள் வேண்டும்.

லஞ்சத்தைத் தாண்டிய கேள்விகளும் உண்டு. 2013-ல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். முதல்நாளே சுவரில் வெடிப்பு கண்டு, கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தையல் தொழிலாளரை மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். அதன்பின் வந்த பாதுகாப்பு ஒப்பந்தம், ஆடை வாங்கும் கம்பெனிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. அதையும், திருப்பூருக்கு வரும் தணிக்கையாளர்களின் பட்டியல்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வேடு வரலாம். அங்கேயும் 'குறைந்த கூலி அந்த ஊர் வழக்கம்' என்று சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கா 2025 பிப்ரவரியில் தன் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புதிய வழக்குகளை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. இதன் விளைவை இப்போதிருந்தே குறித்துவைக்க வேண்டும்.

கடைசியாக நம் நாடு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் இந்திய அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுப்பதைக் குற்றமாக்க 2011-ல் மக்களவையில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 2014-ல் அவை கலைந்தபோது அது காலாவதியானது. நம் கம்பெனிகள் இன்று ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தொழில் செய்கின்றன. அங்குள்ள மக்களைப் பற்றி நம்மவரும் 'அங்கே அதுதான் வழக்கம்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பாடத்திட்டக் குழுவிலுள்ள நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது இது: அடுத்த திருத்தத்தில் ஹாஃப்ஸ்டெட்டின் அட்டவணையைப் பின்னுக்குத் தள்ளி, முதல் வாரத்தில் லாக்ஹீட் தீர்ப்பை வையுங்கள். மாணவர்கள் அந்த வேர்க்கடலை ரசீதைப் படித்துவிட்டுப் பண்பாட்டுக்கு வரட்டும்.