வெப்பம் சுமக்கும் நீர்

கணிப்பொறி கணக்கிடுகிறது, கடிதம் எழுதுகிறது, சித்திரம் தீட்டுகிறது. இவ்வளவு வேலைகளைச் செய்தாலும், சுவரிலிருந்து அது இழுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் முடிவில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. இந்த வெப்பத்தை எங்ஙனம் அகற்றுவது என்பது கணிப்பொறி தோன்றிய நாள் முதல் பொறியியலாரை விட்டு நீங்காத கேள்வி. வீட்டில் வைத்திருக்கும் கணிப்பொறியை நீரோட்டத்தால் குளிர்விக்கும் முறையைப் பற்றியும், அம்முறையை மேற்கொள்வோர் ஏற்க வேண்டிய பொறுப்பைப் பற்றியும் இன்று சிறிது பேசலாம் என எண்ணுகிறேன்.

இந்தப் பேச்சுக்குப் புணே நகரம் பொருத்தமான இடம். 1988-ஆம் ஆண்டில் சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையம் இங்கே நிறுவப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் உழைத்த குழுவினர் 1991-இல் ‘பரம் 8000’ என்னும் பெருங்கணிப்பொறியை உருவாக்கினர். அந்த மரபில் வந்த ‘பரம் பிரம்மா’ 2019-இல் இதே நகரத்தின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் ஆற்றல் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 800 லட்சம் கோடி கணக்குகள். அத்தகைய யந்திரம் எவ்வளவு உஷ்ணத்தைக் கக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். விசிறிக் காற்றை மட்டும் நம்பாமல், கணக்கிடும் சில்லுகளின் மீதே உலோகத் தகடுகளைப் பொருத்தி, அவற்றினூடே நீரை ஓடவிட்டு வெப்பத்தை அகற்றுகிறார்கள். இதற்கு நேரடித் தொடர்பு நீர்க்குளிர்ச்சி என்று பெயர்.

இது முற்றிலும் புதிய கருத்தன்று. 1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் கணிப்பொறியில் குளிர்நீர் ஓடும் தகடுகளே சில்லுகளின் வெப்பத்தை வாங்கிச் சென்றன. 1985-இல் வந்த கிரே-2 யந்திரத்தையோ மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே அமிழ்த்தி வைத்தனர். நம் நாட்டு உழவர்க்கும் இக்கருத்து பழக்கமானதே. புணேயில் 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் தொழிற்சாலையின் பெயரை அறியாத கிராமம் குறைவு. கிணற்றடியில் ஓடும் டீசல் எஞ்சின், தான் இறைக்கும் நீரிலேயே ஒரு சிறு பங்கைத் தன் உடலைச் சுற்றி ஓடவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்வதைப் பலரும் பார்த்திருக்கலாம். அந்தக் கிணற்றடி வித்தைதான் இன்று மேஜைக் கணிப்பொறியின் பெட்டிக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது.

நீருக்கு ஏன் இந்தச் சிறப்பு? ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் தேவை. அதே எடையுள்ள காற்றுக்கு 1,000 ஜூல் போதும். எடைக்கு எடை நான்கு மடங்கு என்றால், கன அளவுக்குக் கன அளவு வேற்றுமை 3,000 மடங்குக்கும் மேல். ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒரு கணிப்பொறியின் சில்லுகள் 300 வாட் வெப்பம் வெளியிடுவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 2 லிட்டர் நீர் ஓடினால், அவ்வளவு வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு அந்நீர் சுமார் 2 டிகிரி மட்டுமே சூடேறும். அதே வெப்பத்தைக் காற்று சுமக்க வேண்டுமானால், காற்று 10 டிகிரி சூடேறுவதற்கு இடங்கொடுத்தாலும், நிமிடத்திற்கு 1,500 லிட்டர் காற்று வீச வேண்டும். விசிறிகள் ஏன் இரைகின்றன என்பது இப்போது விளங்கும்.

எனினும் இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. சுமந்து செல்கிறது, அவ்வளவே. சில்லின் மேலிருந்து எடுத்த வெப்பத்தை ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கிருந்து விசிறிக் காற்று அதை அறைக்குள் தள்ளுகிறது. ஆகவே நீர்க்குளிர்ச்சி அமைப்பதால் அறையின் புழுக்கம் இம்மியும் குறையாது. புணேயில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அறை 36 டிகிரியில் இருந்தால், நீரும் அதற்கு மேல்தான் நிற்கும். ஒருபோதும் கீழே இறங்காது. இந்த உண்மையை மறந்து பெரும்பொருள் செலவிடுவோர் பின்னர் ஏமாற்றமடைவர்.

இனி, அமைப்பின் உறுப்புகளைக் காண்போம். முதலாவது, சில்லின் மீது அமரும் செம்புப் பாளம். அதன் உட்புறத்தில் மயிரிழை போன்ற நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். பாளத்துக்கும் சில்லுக்கும் இடையே மெல்லிய பூச்சாகத் தெர்மல் பேஸ்ட் தடவ வேண்டும். இரண்டாவது, நீரைச் சுழலவிடும் சிறு பம்ப். மூன்றாவது, பம்புக்கு நீர் ஊட்டும் தொட்டி. நான்காவது, ரேடியேட்டரும் அதன் விசிறிகளும். ஐந்தாவது, இவற்றையெல்லாம் இணைக்கும் குழாய்களும் மரையுள்ள இணைப்புகளும்.

ரேடியேட்டரின் அளவை நிர்ணயிப்பதில் சிக்கனம் கூடாது. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று பொருந்தும் பகுதிக்குச் சுமார் 100 வாட் என்று கணக்கிடுவது பழகியோர் வழக்கம். 300 வாட் வெப்பத்துக்கு மூன்று விசிறி பொருந்தும் ரேடியேட்டர் வேண்டும் என்று கொள்ளலாம். எந்த உறுப்புக்குப் பின் எந்த உறுப்பு என்று வரிசையைப் பற்றிப் பலர் வாதிடுவர். நீர் ஒரு சுற்றில் 2 டிகிரிதான் சூடேறுகிறது என்று முன்பே கண்டோம். எனவே வரிசையால் பெரிய வேற்றுமை விளையாது. ஒரே ஒரு விதியை மட்டும் மீறலாகாது. தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். நீரின்றி வெறுமனே ஓடும் பம்ப் விரைவில் பழுதாகிவிடும்.

உலோகங்களின் சேர்க்கை மிகவும் கவனிக்கத்தக்கது. செம்பும் பித்தளையும் நிக்கல் முலாமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். இவற்றோடு அலுமினியம் சேர்ந்தால் தீமை வந்தது. வேறுபட்ட இரு உலோகங்களும் இடையே ஒரு திரவமும் இருந்தால் அது மின்கலமாகிவிடுகிறது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். குழாய்க்குள் அத்தகைய மின்கலம் பிறந்தால் அலுமினியம் நாளடைவில் அரிக்கப்பட்டு, பொடிப்பொடியாக உதிர்ந்து வாய்க்கால்களை அடைக்கும். இறுதியில் ரேடியேட்டரே துளைபடும். ஆதலால், விலை மலிவு என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கிச் செம்புப் பாளத்தோடு இணைக்காதீர்கள்.

அடுத்தது, ஊற்றும் நீர். குழாயடி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் குடிப்பதற்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் இதற்கு உதவா. அவற்றில் கரைந்துள்ள சுண்ணாம்பு முதலிய உப்புகள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல, நுண்ணிய வாய்க்கால்களில் படியும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. அதிலும் பாசி பிடிக்காதபடி கிருமிநாசினியும், உலோகம் அரிக்கப்படாதபடி காப்பு மருந்தும் அளவறிந்து சேர்க்க வேண்டும். இவையெல்லாம் கலந்தே விற்கப்படும் திரவமும் கிடைக்கிறது. கண்ணைக் கவரும் வண்ணத் திரவங்களில் சிலவற்றில் மிதக்கும் துகள்கள் உண்டு. அவை சில மாதங்களில் அடியில் படிந்து வழியை அடைத்துவிடும். அழகுக்காக ஆயுளைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

எல்லாம் பூட்டி முடித்த பின்னர் உடனே கணிப்பொறியை இயக்கும் ஆவல் எழும். அதை அடக்கிக்கொள்ள வேண்டிய கட்டம் இதுதான். நீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் வாழப்போகின்றன என்பதை நினைவிற்கொள்ளுங்கள். முதலில் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்ற உறுப்புகளை மின்னிணைப்பிலிருந்து விலக்கி வையுங்கள். ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதத் துண்டு ஒன்றை விரித்து, பல மணி நேரம், இயன்றால் ஓர் இரவும் ஒரு பகலும், நீரை ஓடவிடுங்கள். ஒரு துளி கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும். அதற்கிடையில் பெட்டியை மெல்ல இப்புறமும் அப்புறமும் சாய்த்தால், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் தொட்டிக்கு வந்து சேரும்; குறைந்த நீரை மீண்டும் நிரப்பலாம். கசிவுகளுக்குப் பெரும்பாலும் மரையில் அமரும் ரப்பர் வளையம் பிசகியிருப்பதே காரணம். அதைச் சரியாக அமர்த்திக் கையால் இறுக்கினால் போதும். கருவி கொண்டு முறுக்கினால் மரையே உடைந்துபோகலாம்.

ஒரு பகல் பொறுத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். இன்று கணிப்பொறி விளையாட்டுப் பொருளாக மட்டும் இல்லை. மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரை, சிறு தொழில் செய்பவரின் கணக்குகள், குடும்பத்தின் புகைப்படங்கள் யாவும் அதற்குள் இருக்கின்றன. மதர்போர்டு கெட்டால் வேறொன்று வாங்கலாம். பிரதி எடுத்து வைக்காத குறிப்புகளை எந்தக் கடையில் வாங்குவது? ஆகையால், நீர் ஊற்றுவதற்கு முன்பே முக்கியமானவற்றைத் தனியே பிரதி எடுத்து வைப்பது முதற்கடமை.

பனிக்கட்டியிட்ட நீரைத் தொட்டியில் ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிருமே என்று சிலர் எண்ணக்கூடும். இது ஆபத்தான எண்ணம். மழைக்காலத்தில் ஐஸ் போட்ட பானத்தின் டம்ளர் புறத்தே வியர்ப்பதைக் கண்டிருக்கிறீர்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பின் மேல் நீராகப் படிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை புணேயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. அப்போது அறையின் வெப்பத்துக்குக் கீழே வெகுவாகக் குளிர்ந்த பாளம், ஒரு கசிவும் இல்லாமலே தானாக வியர்த்து மின்சுற்றை நனைத்துவிடும். நீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று முன்பு கூறியதைக் குறையாகக் கருத வேண்டா; அதுவே நமக்குப் பாதுகாப்பு.

அமைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மாதத்திற்கு ஒருமுறை தொட்டியில் நீர் மட்டத்தைப் பாருங்கள். குழாய்களின் சுவர் வழியாகவும் நீர் சிறிது சிறிதாக வெளியேறும். ரேடியேட்டரின் தகடுகளிலும் விசிறிகளிலும் படியும் தூசியை அகற்றுங்கள். கோடைக்காலத்துப் புழுதியில் இது இன்னும் அவசியம். பம்பின் ஓசையில் மாறுதல் கேட்டால் அலட்சியம் செய்யாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பழைய நீரை முழுவதும் வடித்து, உட்புறம் அலசிப் புதிய நீர் ஊற்றுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாளத்தைத் திறந்து வாய்க்கால்களைத் துப்புரவு செய்து, பேஸ்டையும் புதுப்பிக்க வேண்டும். பம்ப் திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் இயற்கையே. இக்காலத்துச் சில்லுகள் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிடில் இயக்கத்தை நிறுத்திவிடும். எனினும் அந்தக் காப்பை நாள்தோறும் சோதித்துப் பார்ப்பது விவேகமன்று.

இவ்வளவு பணி செய்ய இயலாதோர்க்குத் தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடி முத்திரையிட்ட அமைப்புகள் உள்ளன. அவற்றில் தூசி துடைப்பதன்றி வேறு வேலை அதிகமில்லை. பழுதானால் முழுவதையும் மாற்றிவிட வேண்டியதுதான். அவற்றைப் பொருத்தும்போது பம்ப் உள்ள பகுதி சுற்றிலேயே மிக உயர்ந்த இடமாக அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காற்று உயரத்தில் தேங்கும், தேங்கினால் பம்ப் தவிக்கும்.

கடிதமும் கணக்கும் எழுதும் சாதாரணக் கணிப்பொறிக்கு இவற்றில் எதுவுமே வேண்டியதில்லை. நல்ல உலோகத் தகடுகளும் பெரிய விசிறியும் கொண்ட காற்றுக் குளிர்ச்சியே அதற்குத் தாராளமாகப் போதும். இரவு முழுவதும் ஓயாது கணக்கிடும் யந்திரத்துக்கும், இரைச்சல் இல்லாத அறையை விரும்புவோர்க்கும்தான் நீர்க்குளிர்ச்சி பயன் தரும். ஏரியை வெட்டிய நம் முன்னோர், மதகைக் காக்கவும் வாய்க்காலைத் தூர் வாரவும் ஆள் வைத்தார்கள். தூர் வாராத வாய்க்கால் எத்தனை அழகாக வெட்டப்பட்டதாயினும் கடைமடைக்கு நீர் கொண்டு சேர்ப்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் செம்புப் பாளத்தின் வாய்க்காலுக்கும் அதுவே நியதி. ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கென ஒதுக்கக்கூடியவர் துணிந்து இதை அமைக்கலாம். இயலாதவர் விசிறியோடு நிம்மதியாக இருக்கலாம்.