மனை வாங்குமுன் மூலப்பத்திரத்தைப் பாருங்கள்!

(காஞ்சிபுரத்தில் வியாபாரிகள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பட்டுப்புடவை எடுக்க வருகிறவர் சரிகையை உரசிப் பார்க்கிற ஊர் இது. புடவைக்கே இத்தனை சோதனை! வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கும் மனைக்கு மட்டும் புரோக்கர் நீட்டும் வண்ண நோட்டீஸ் போதுமா?

வளைகுடாவில் உழைத்த ஒரு சகோதரர் மனை வாங்கினார். பட்டா விற்றவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றும் சுத்தம். அஸ்திவாரம் தோண்டிய பிறகு விற்றவரின் இரண்டு சகோதரிகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. தகப்பனார் சொத்து, அவர்கள் கையெழுத்தே வாங்கவில்லை! அவர்கள் கேட்டது நியாயம்தான். நம் சகோதரர் அவர்கள் பங்குக்குத் தனியாகப் பணம் கொடுத்து மறுகிரயம் செய்தார்.

எங்கே தவறு? பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டும் உரிமையாகாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். மரணத்தால் வந்த வாரிசுரிமையைக் காட்டாது. ஆகவே மூலப்பத்திரத்தோடு இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரயத்தன்று தங்கையை அழைக்க மட்டும் மறந்துவிடுகிறோமே, ஏன்?

அடுத்து, இது கோயில் நகரம். கட்டிடம் ஒருவருக்கும் அடிமனை கோயிலுக்கும் சொந்தமாக இருக்கலாம். வக்ஃபு நிலமும் அப்படித்தான். உரிய அனுமதியின்றி இவற்றைப் பதியக் கூடாது என்கிற பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே 'பழைய பத்திரம் பதிவாகியிருக்கிறதே' என்பது பதிலாகாது. சர்வே எண்ணைக் கொண்டுபோய் அறநிலையத் துறையிலும் வக்ஃபு வாரியத்திலும் விசாரியுங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுக்கும் அதே பிரிவு தடை போடுகிறது.

2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தது முதல் அந்தப் பக்கத்து மனைகளுக்கு ஏக விளம்பரம்! அந்த சர்வே எண் நில எடுப்பில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். எடுப்பில் போகும் நிலத்துக்கு விமான நிலைய விலை கொடுப்பானேன்?

பவர் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது உரிமை மாற்றமாகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் வரும். அதையும் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். முன்பணமானாலும் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். வங்கி வழியாகவே கொடுங்கள். அதுவும் பத்திர நகல்களை உங்கள் வக்கீல் பார்த்த பிறகு. புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் அல்ல!