அகராதி சொல்லாமல் விட்டது

(திருவண்ணாமலையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவர்கள் 'பரையா' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியம், ஜெர்மன் மொழிகளில் அதுவே 'பாரியா'. ஐரோப்பா முழுக்கப் புழங்கும் இந்தச் சொல் கிரேக்கத்திலோ லத்தீனிலோ பிறக்கவில்லை. நம் சேரியிலிருந்து போனது. பறையர் என்ற சொல்தான் அது.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் இது ஒரு குடியின் பெயர். அங்கே இழிவு இல்லை. பறை என்றால் முரசு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்குப் 'பறயுக' என்றுதான் பெயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா இந்தப் பெயரைக் குறித்துவைத்தார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. வெள்ளைக்காரர்கள் ஒரு சாதியின் பெயரைத் தீண்டாமைக்கு ஆளான எல்லோருக்கும் வைத்தார்கள். பிறகு தெருநாய்க்கும் வைத்தார்கள். கடைசியில் மனிதர்கள் மறைந்து உவமை மட்டும் மிஞ்சியது.

ஆனால் அங்கேயும் சிலர் இந்தப் பெயரைத் தாங்களே எடுத்துச் சூடினார்கள். பிரெஞ்சுப் பெண்ணுரிமைப் போராளி ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னை 'பாரியா' என்றார். 1922இல் ஹோ சி மின்னும் தோழர்களும் காலனி மக்களுக்காகப் பாரிசில் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'லெ பாரியா'.

அதற்கு 29 ஆண்டுகள் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்றே பத்திரிகை நடத்தினார். எதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் அச்சடித்தார். அயோத்திதாசர் அந்தப் பெயர் பகைவர்கள் சுமத்தியது என்று மறுத்தார். தன் இதழுக்குத் 'தமிழன்' என்று பெயர் வைத்தார். பாரிசில் 'லெ பாரியா' வந்த அதே 1922இல், எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' அரசு வழக்கானது. ஏற்றவரும் மறுத்தவரும் வேண்டியது ஒன்றே: எங்கள் பெயரை நாங்கள் முடிவு செய்வோம்.

ஆங்கில அகராதியில் 'பரையா'வுக்குப் பொருள் பாருங்கள். 'ஒதுக்கப்பட்டவர்' என்றிருக்கும். யார் ஒதுக்கினார்கள்? அகராதி அதைச் சொல்லாது. ஒதுக்கியவனுக்கு அங்கே பெயரே கிடையாது. ஏதோ மழை பெய்த மாதிரி, தானாக நடந்த மாதிரி இருக்கும்.

நம் மாவட்டத்துக்கே வாருங்கள். 2023 ஜனவரி 30. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். சுமார் 80 ஆண்டுகளாக அவர்கள் உள்ளே போனதில்லை. 'அனுமதி மறுக்கப்பட்டிருந்தது' என்று எழுதுகிறோம். மறுத்தது கதவா, பூட்டா? மறுத்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்கும் சாதி இருக்கிறது.

அதனால் உங்களிடம் இரண்டு கேட்கிறேன். 'பரையா'வை உவமையாக எழுதாதீர்கள். அது உயிரோடு இருக்கும் மக்களின் பெயர். சாதிக் கொடுமையைப் பற்றி எழுதும்போது 'ஒதுக்கப்பட்டார்கள்' என்று நிறுத்தாதீர்கள். ஒதுக்கியது யார் என்பதையும் எழுதுங்கள். பறைதல் என்றால் சொல்லுதல், தோழர்களே. சொல்வோம்.

ஜெய்பீம்.