தொடையில் ஒரு கட்டி



மும்பையில் மூட்டை தூக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 40. அவர் தொடையில் ஒரு கட்டி வந்தது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. ஆறு மாதத்தில் மாங்காய் அளவு ஆனது. வலி இல்லை. அதனால் அவர் கவலைப்படவில்லை.

பக்கத்துத் தெருவில் ஊசி போடும் ஒருவர் அதைப் பார்த்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டி. நாளைக்கு வாங்க, கீறி எடுத்துடலாம்" என்றார்.

மனைவி விடவில்லை.

"வேண்டாங்க. முதல்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுவோம். அப்புறம் வெட்டிக்கலாம்."

மனைவி சொன்னதுதான் சரி.

சதையிலும் கொழுப்பிலும் வரும் கட்டிகள் பெரும்பாலும் தீங்கு இல்லாதவை. நூறு கட்டிகளில் ஒன்று புற்றாக இருப்பதே அரிது. ஆனால் அந்த ஒன்று எது? கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சதைக்குள் ஆழமாக இருந்தாலும், வளர்ந்துகொண்டே போனாலும், எடுத்த பிறகு மறுபடி வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். வலி இல்லாததால் நல்ல கட்டி என்று நினைக்கக் கூடாது. புற்றுக்கட்டியும் வலிக்காமல் வளரும்.

பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இது ஒரு பெரிய காந்தம். பூமியின் காந்த சக்தியைவிடப் பல ஆயிரம் மடங்கு பலமானது. நம் உடம்பில் நீரும் கொழுப்பும் இருக்கின்றன. இரண்டிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. காந்தத்துக்குள் படுத்தவர் மீது ரேடியோ அலையை அனுப்புவார்கள். அந்த அணுக்கள் பதில் அலை தரும். நீரின் பதில் வேறு, கொழுப்பின் பதில் வேறு. அதைக் கம்ப்யூட்டர் படமாக்கும்.

1971-ல் ரேமண்ட் டமேடியன் என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளின் கட்டிகளைச் சோதித்தார். புற்றுக்கட்டியின் பதில் நல்ல சதையின் பதிலிலிருந்து மாறுபட்டது. இனிப் புற்றை உடனே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அது அவ்வளவு சுலபமாக இல்லை.

கொழுப்புக் கட்டியை மட்டும் நன்றாகச் சொல்லலாம். ஒரு படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். கொழுப்பை மறைத்து எடுக்கும் படத்தில் முழுவதும் கறுத்துவிடும். உள்ளே தடித்த இழைகளோ, சதை போன்ற திட்டுகளோ தெரிந்தால் சந்தேகம். வேறு கட்டிகளில் ஏமாற்றமும் உண்டு. சில புற்றுக்கட்டிகள் நீர்க்கட்டி போலத் தெரியும். அடிபட்டு இரத்தம் கட்டியதும் புற்று போலத் தெரியலாம்.

எனவே ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். ஊசியை எங்கே குத்துவது என்பதை ஸ்கேன் படம் காட்டும். கட்டி எந்த நரம்பை, எந்த இரத்தக் குழாயைத் தொடுகிறது என்பதையும் காட்டும். காலைக் காப்பாற்ற இது மிகவும் தேவை. ஸ்கேன் இல்லாமல் கீறினால் புற்று அணுக்கள் அக்கம்பக்கம் சிதறலாம். பிறகு இன்னும் பெரிய அறுவை செய்ய வேண்டிவரும்.

ஸ்கேன் அறைக்குள் இரும்பு போகக் கூடாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவரைச் சிலிண்டருடன் காந்தம் இழுத்தது. அவர் இறந்துபோனார். சாவி, கொலுசு, தாலிக்கொடி, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், உடம்பில் உலோகத் துண்டு இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். கர்ப்பம் என்றாலும் சொல்லுங்கள். உள்ளே அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். தட்தட் என்று பெரிய சத்தம் வரும். காதை அடைக்கப் பஞ்சு போல ஒன்று தருவார்கள். பயந்தால் அழுத்த ஒரு பொத்தானும் கையில் இருக்கும்.

மூட்டை தூக்குபவரின் படத்தில் தடித்த இழைகள் தெரிந்தன. பயாப்ஸியில் புற்று என்று வந்தது. ஆனால் கட்டி பெரிய இரத்தக் குழாயைத் தொடவில்லை. சுற்றியுள்ள கொஞ்சம் சதையோடு அதை எடுத்தார்கள். மூட்டை தூக்கும் வேலை போயிற்று. கால் இருக்கிறது. குறித்த தேதியில் மறுபடி ஸ்கேனுக்குப் போகிறார். மனைவியும் கூடப் போகிறார்.