பட்டா இல்லாதவருக்குத் தகவமைப்பு ஏது?



காலநிலை மாற்றத்துக்கு விவசாயம் எப்படித் தகவமைத்துக்கொள்வது என்று பேசச் சொன்னீர்கள். சொட்டுநீர், வறட்சி தாங்கும் விதை, சிறுதானியம், பயிர்க் காப்பீடு என்று ஒரு பட்டியல் வழக்கமாக வாசிக்கப்படும். அந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டையில்லை. அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த கரிசல் பூமி. வடகிழக்குப் பருவமழையும் கண்மாயும்தான் ஆதாரம். மழை பொய்த்துக் காட்டுவேலை இல்லாமல் போனவர்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள். நிலமற்றவர்கள் தாமே தேடிக்கொண்ட தகவமைப்பு அது. அதன் விலை, 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மட்டும் குறைந்தது 38 உயிர்கள். அங்கேயும் வானிலை விடுவதில்லை: மழை பெய்தால் மருந்து காயாது, கூலி கிடையாது.

ஆய்வுக்காகச் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் நான் சந்தித்த தலித் பெண்கள் பலர் ஆலைக்கும் போகிறார்கள், களையும் எடுக்கிறார்கள், வாய்மொழிக் குத்தகையில் சோளமும் விதைக்கிறார்கள். ஆனால் அரசுப் பதிவேட்டில் அவர்கள் விவசாயிகள் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் நிலம் உள்ளவருக்கு. சொட்டுநீர் மானியத்துக்கும் நில ஆவணம் வேண்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம் என்கிறது விதி. வாய்மொழிக் குத்தகைக்கு யார் சான்று தருவார்? நூறு நாள் வேலையில் கண்மாயைத் தூர்வாரியவர்கள் இவர்கள். வயலுக்கு வண்டல் அள்ளப் போனால் பட்டா கேட்கிறார்கள்.

இந்த நிலமின்மையை மழை உண்டாக்கவில்லை, சாதி உண்டாக்கியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. தலித் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, நிலம் கைமாறிவிட்டது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை கூலித் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் விவசாயி என்றே வரையறுத்தது. அந்த வரையறையை ஒவ்வொரு திட்டத்திலும் எழுதச் சொல்லுவோம். குத்தகையைக் கிராமசபையே சான்றளிக்கட்டும். வெள்ளம், வறட்சி நிவாரணம் கூலி இழந்தவருக்கும் வரட்டும். பஞ்சமி நிலம் திரும்பட்டும்.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

ஜெய் பீம்.