படம் முடிந்த பின் யார் கேட்பது?
சுயாதீன சினிமாவும் இயக்குநர்களுடனான உரையாடலும்



நம் தோழர் நடத்திய கூட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிறவருக்கு அரை மணி நேரம், கேட்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம். இதற்காகக் கோபித்துக்கொண்ட பேச்சாளர்களும் உண்டு. சுயாதீன சினிமாவையும் அதை எடுக்கிறவர்களோடு நடக்கும் உரையாடலையும் இந்த நினைவுச் சொற்பொழிவுக்குப் பொருளாக நாம் எடுத்துக்கொண்டதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம். படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு யார் கேட்கிறார்கள், யாரைக் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதிலெல்லாம் சாதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

சுயாதீன சினிமா என்றால் என்ன என்று கேட்டால் பெரிய நிறுவனத்தின் முதலீடு இல்லாத படம், நட்சத்திரம் இல்லாத படம், பாட்டும் சண்டையும் இல்லாத படம் என்று இல்லாதவற்றையே பட்டியலிடுகிறோம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவசியம்தான். ஆனால் நமக்கு அதைவிட அவசியமான கேள்வி, அந்தப் படம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பது. முதலாளிக்குப் பதில் சொல்லாத ஒரு படம் வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தப் படத்தில் காட்டப்பட்ட சேரிக்கு அது ஒருபோதும் வராமல் போகலாம்.

இதற்கு வேறு வழி தேடியவர்கள் உண்டு. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ல் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார்கள், மக்களிடம் கைப்பணம் வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் உருவானதுதான் 1986-ல் வந்த 'அம்மா அறியான்'. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். அங்கே படத்துக்குக் காசு போட்டவர்களும் படம் பார்த்தவர்களும் ஒரே கூட்டம். போட்ட காசு ஒரு ரூபாயாக இருந்தாலும், ஏன் இப்படி எடுத்தாய் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அந்த முயற்சி ஜானின் மறைவுக்குப் பிறகு பெரிதாக வளரவில்லை. ஆனாலும் படம் எடுக்கிறவரைப் பார்வையாளர் முன் நிறுத்த ஒரு வழி இருக்கிறது என்று அது காட்டிவிட்டுப் போனது.

ஆப்பிரிக்காவில் இதே கேள்வியோடு வந்தவர் உஸ்மான் செம்பேன். செனகல் நாட்டு மீனவரின் மகன். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கிய தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். முதலில் நாவல்கள் எழுதினார். அவை யாருடைய வாழ்க்கையைப் பேசினவோ அந்த மக்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. அதனால் நாற்பது வயதை ஒட்டிச் சினிமாவுக்கு வந்தார். 1963-ல் 'பொரோம் சாரெத்', 1968-ல் தம் மக்களின் வோலோஃப் மொழியில் 'மண்டாபி'. சினிமாவை அவர் மக்களின் இரவுப் பள்ளி என்றார். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், காட்டி, உட்கார்ந்து விவாதித்தார்.

1965-ல் செம்பேனுக்கும் ஜான் ரூஷுக்கும் ஒரு நேருக்கு நேர் உரையாடல் நடந்தது. ரூஷ் பிரெஞ்சு மானுடவியலாளர், மேற்கு ஆப்பிரிக்காவில் நிறையப் படங்கள் எடுத்தவர், ஆப்பிரிக்கர்களின் நண்பர் என்று பெயர் வாங்கியவர். அவர் முகத்துக்கு நேராகவே செம்பேன் சொன்னார், எங்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள் என்று. சமூகவியல் வகுப்பில் கள ஆய்வு முறைகளைப் பாடமாகப் படித்த நமக்கு, பக்கம் பக்கமாகப் படித்தும் கிடைக்காதது இந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்தது. நல்லெண்ணத்தோடு பார்ப்பது வேறு, சமமாகப் பார்ப்பது வேறு. ரூஷின் நல்லெண்ணத்தை யாரும் மறுக்கவில்லை. பார்க்கப்பட்டவன் எழுந்து நின்று, நீ எங்கிருந்து பார்க்கிறாய் என்று கேட்டான். அந்தக் கேள்வி பதிவானது, அச்சானது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து நம் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே நம் நிலைமை என்ன? நாகராஜ் மஞ்சுளேயை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் ஜேவூர் என்ற ஊர்க்காரர், கல்லுடைக்கும் வடார் சமூகத்தில் பிறந்தவர், கவிஞர். 2013-ல் வந்த அவருடைய முதல் முழுநீளப் படம் 'ஃபன்றி'. பன்றி பிடிக்க வைக்கப்படும் கைக்காடிக் குடும்பத்துச் சிறுவன் ஜப்யாவின் கதை. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது மஞ்சுளேக்கும், குழந்தை நடிகருக்கான தேசிய விருது ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடேவுக்கும் கிடைத்தன.

அதில் ஒரு காட்சி. குடும்பமே பன்றியைத் துரத்துகிறது. பிடிபடப்போகும் நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. ஜப்யா அப்படியே நிற்கிறான், குடும்பமும் நிற்கிறது. பன்றிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிறகு பிடித்த பன்றியைத் தூக்கிக்கொண்டு, அம்பேத்கரும் பூலேயும் வரையப்பட்ட பள்ளிச் சுவரைக் கடந்து போகிறார்கள். இந்தக் காட்சிகளில் ஒரு வசனம்கூட வாதம் செய்யவில்லை. எந்த ஒலி எங்கிருந்து வரவேண்டும், யார் எப்போது நிற்கவேண்டும், கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்த வேலை அது.

ஆனால் நம் இயக்குநர்களைப் பேட்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் எதைக் கேட்கிறார்கள்? சின்ன வயதில் என்னென்ன அவமானம் பட்டீர்கள், இது உங்கள் சொந்தக் கதைதானா, எப்போதும் சாதியைப் பற்றியே எடுப்பீர்களா. மற்ற சாதி இயக்குநர் என்றால் ஒளி, சட்டகம், மௌனம், தாக்கம் தந்த ஐரோப்பிய மேதைகள் என்று பேட்டி நீள்கிறது. அவருக்குக் கலை, நமக்கு அனுபவம். வயலில் விளைவிப்பது ஒருவர், விலை வைப்பது இன்னொருவர் என்ற பழைய ஏற்பாடு பேட்டிக்குள்ளும் வந்துவிடுகிறது. காயத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அறிவைக் கேட்காமல் விடுவதும் தீண்டாமைதான்.

நாங்கள் ஒரு காலனியில் 'ஃபன்றி'யைத் திரையிட்டோம். தமிழில் சொல்லிச் சொல்லித்தான் காட்டினோம். முடிந்ததும் கல்லூரி மாணவர்கள் கடைசிக் காட்சியின் குறியீட்டைப் பற்றிக் கேட்டார்கள், நல்ல கேள்விகள்தான். பின்வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "அந்தப் பன்னியப் புடிச்சதுக்கு அவங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்க?" சிலர் சிரித்தார்கள். ஆனால் அதன் பிறகு கூட்டம் கலைய நெடுநேரம் ஆனது. மகள் கல்யாணச் செலவுக்காகத்தானே ஜப்யாவின் அப்பா அந்த வேலைக்கு ஒப்புக்கொள்கிறார்? ஊர்த் திருவிழாவுக்குப் பன்றி தொந்தரவு என்றால் ஊரார் ஏன் பிடிக்கவில்லை? முடியாது என்று அவரால் சொல்ல முடியுமா? பறை, பிணக்குழி, சாக்கடை என்று பேச்சு நம் ஊர்க் கூலிக்கு வந்து சேர்ந்தது. எங்களில் பலர் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர்கள். கூலிக் கணக்கை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சேரியில் பிறக்காதவர்கள் நம்மைப் பற்றிப் படமெடுக்கக் கூடாதா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் கேள்விக்கு நிற்க வேண்டும் என்பதே நம் பதில். 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதைக் கண்டித்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அது தாங்காமல் கவிஞரும் பாடகருமான விலாஸ் கோக்ரே சில நாள்களில் தூக்கிட்டுக்கொண்டார். அவர் பாட்டைத் தம் முந்தைய படமொன்றில் பதிவு செய்திருந்த ஆனந்த் பட்வர்தன், அங்கிருந்து தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் எடுத்த ஆவணப்படம்தான் 'ஜெய்பீம் காம்ரேட்'. வழக்கு நடந்த காலமெல்லாம் அவரும் அங்கே இருந்தார். முடித்த பிறகு அதைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கே கொண்டுபோய்க் காட்டினார். அவரது அரசியலோடு நமக்கு மாறுபாடு இருக்கலாம், அதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்கவும் முடியும்.

சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' 2014-ல் வெனிஸில் பரிசு பெற்றது. துப்புரவுத் தொழிலாளி ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டும்படி பாடினார் என்று ஒரு தலித் பாடகர்மீது போடப்படும் வழக்குதான் கதை. பாடகராக நடித்தவர் நாக்பூரின் அம்பேத்கரியச் செயல்பாட்டாளர் வீரா சாத்திதார். 'வித்ரோஹி' இதழின் ஆசிரியர். 2021 ஏப்ரலில் கொரோனாவுக்கு அவரை இழந்தோம். அந்தப் படத்தின் அசையாத கேமராவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் மேடையில் பாட்டோடும் பேச்சோடும் நின்ற ஒருவர் அந்த அசையாத கேமராவுக்கு முன்னால் நின்றபோது என்ன நடந்தது? இயக்குநரை மட்டும் கேட்டால் இதில் பாதிதான் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் கேள்வி நேரம் வருவதற்கு முன்பே திரையை மூடிவிடுகிற அனுபவமும் நமக்கு உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. அது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று தொழிலாளர்களின் வாயாலேயே சொல்லவைத்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017-ல் வந்தது. திரையிடல்களுக்குப் போலீஸ் தடை போட்டது. படம் இணையத்துக்குப் போனது, மிகப் பலர் பார்த்தார்கள். ஆனால் செல்போனில் தனியாகப் பார்ப்பவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கூட்டமாகப் பார்த்துக் கூட்டமாகக் கேட்பதற்குத்தான் அவர்கள் பயந்தார்கள்.

இறுதியாக ஒருவரை நினைவுகூர்வோம். 1920களின் இறுதியில் திருவிதாங்கூரில் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் படம். அதன் நாயகி பி.கே. ரோசி, தலித் பெண். திரையில் அவர் நாயர் பெண்ணாக வந்ததைப் பொறுக்காத சாதி இந்துக்கள் திரையை நோக்கிக் கல்லெறிந்தார்கள். ரோசி உயிர் தப்பித் தமிழகத்துக்கு வந்து, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். படத்தின் பிரதி இன்று இல்லை. ரோசியின் பேட்டி ஒன்றுகூட இல்லை. எந்தக் காட்சி உங்களுக்குக் கடினமாக இருந்தது, கேமரா முன்னால் முதன்முதலாக நின்றபோது என்ன நினைத்தீர்கள் என்று அவர் உயிரோடிருந்த காலத்தில் யாரும் போய்க் கேட்டுப் பதிந்து வைக்கவில்லை. அன்று கல் திரையை நோக்கிப் போனது. 'ஃபன்றி'யின் கடைசியில் ஜப்யா எறியும் கல் திரைக்குள்ளிருந்து பார்வையாளரை நோக்கி வருகிறது. இந்த இரண்டு கற்களுக்கும் இடையே நம் சினிமா வரலாறு கிடக்கிறது. அதில் பெரும்பகுதி யாரும் கேட்காததால் காணாமல் போனது.

இன்று ரோசியின் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் திரைப்பட விழா நடத்துகிறது. நீரஜ் கய்வான் 'மசான்' எடுத்தார், பத்தாண்டுகள் கழித்து 2025-ல் 'ஹோம்பவுண்ட்' படத்தில் தன் முழுப்பெயரைச் சொல்லத் தயங்கும் இளைஞனைக் காட்டினார். தாமும் அடையாளத்தை மறைத்து வாழ்ந்த காலத்தைப் பேட்டிகளில் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்ட எத்தனையோ மாணவர்கள் தங்கள் விடுதி அறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே மாணவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் நான்கு. திரையிடலுக்கு ஒதுக்கும் நேரத்தில் கேள்விக்கும் நேரம் ஒதுக்குங்கள், அதை நன்றியுரைக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். முதல் கேள்வியைப் படத்தில் காட்டப்படும் வேலையைச் செய்கிறவர்களிடம் விடுங்கள். நம் இயக்குநர்களிடம் ஒளியையும் ஒலியையும் படத்தொகுப்பையும் கேளுங்கள். மற்றவர்களிடம் அவர்கள் சாதியையும், உதவி இயக்குநர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். பேசியதைப் பதிவு செய்து, எழுதி, அச்சிடுங்கள். பாபாசாகேப் 1920-ல் தொடங்கிய முதல் இதழுக்கு 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன், என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பேச்சு அச்சில் ஏறினால்தான் அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கும்.

இன்று உங்கள் வகுப்பில் யாரோ ஒருத்தி செல்போனில் முதல் குறும்படம் எடுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் எப்படி எடுத்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்வதை எழுதி வையுங்கள்.