பயிற்சி முகாமின் தீர்ப்பு

பந்தைக் கையால் எறிந்தாடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில், பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு தொழின்முறைக் கழகமும் கோடைப் பயிற்சி முகாம் நடத்தும். ஏறத்தாழ 90 வீரர் வருவர். இறுதியில் நிலைப்போர் 53 பேரே. ஓட்டத்தின் விரைவை மணிக்கூடு அளந்துவிடும். நெருக்கடியில் ஒருவர் காட்டும் நிதானத்தை எதனால் அளப்பது?

1994இல் கிறீன் பே பக்கர்ஸ் கழகம் கேட் வோணர் என்னும் இளைஞரை முகாமிலிருந்தே விலக்கியது. பந்தெறியும் பொறுப்புக்கு அவருக்கு முன்னே மூவர் நின்றனர். தம் ஆற்றலைக் காட்ட அவருக்குக் கிட்டிய வாய்ப்பு சொற்பம். பின்னர் அவர் பலசரக்குக் கடையொன்றில் இரவில் பொருள்களை அடுக்கிப் பிழைத்தார். சிறு கழகங்களில் ஆடித் தேறினார்.

1999 ஓகஸ்டில், சென் லூயிஸ் றாம்ஸ் கழகத்தின் முதன்மைப் பந்தெறிவீரர் முன்னோட்டப் போட்டியொன்றிற் காயமுற, அவ்விடம் வோணருக்குக் கிடைத்தது. 2000 சனவரியில் அக்கழகம் சுப்பர் போல் போட்டியில் வென்றது. அப்போட்டியின் சிறந்த வீரரும் அவரே.

வாய்ப்பளித்துப் பார்த்ததையே முகாம் மதிப்பிடும். பார்க்காததை அதனால் மதிப்பிட இயலாது.